கர்ணத்தின் வர்க்கம்

அந்த மூன்று கால் ஸ்டாண்டைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள் தம்பி, முட்டியில் இடிக்கிறது. சர்வேயர்தானே? பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஐம்பது வருஷமாகச் சர்வேயர்களைப் பார்த்தவன் நான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை, எதிரில் நின்று பார்த்திருக்கிறேன். சார் என்று கூப்பிடவில்லையே என்று நினைக்காதீர்கள். தாசில்தாரையே நான் தாசில்தாரே என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

எதுவரைக்கும்? வெள்ளேரிப்பாக்கமா? காலனி நிலம் அளக்கத்தானே? நினைத்தேன். எனக்கும் அங்கேதான் டிக்கெட். முக்கால் மணி நேரம் ஆகும். இந்த டிரைவர் ஓட்டுகிற லட்சணத்துக்கு ஒரு மணி நேரம். உங்கள் ஆபீஸ் காகிதத்தில் இல்லாத விஷயத்தை நான் சொல்கிறேன், கேளுங்கள். வேண்டாம் என்றாலும் சொல்லத்தான் போகிறேன்.

கோதண்டம் என்று பெயர். தோழர் கோதண்டம். கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள், உங்கள் வயது அப்படி. விவசாயத் தொழிலாளர் சங்கம். பதினோரு முறை சிறை. படிப்பு மூன்றாம் வகுப்பு, மற்றதெல்லாம் பிரசுரம். பதினாறு பக்கம், இருபத்து நாலு பக்கம், சாணித் தாளில் அச்சடித்து வரும். ஒன்றையும் விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தவன் மறந்துவிடுவான். பிரசுரத்தில் படித்தவன் மறக்கமாட்டான். வரிக்கு வரி ஒப்பிப்பேன்.

நிலம் முக்கோணம். அது உங்களுக்குத் தெரியும். மேற்கே தெற்கும் வடக்குமாக இரண்டு கல். நடுவே ஐந்து சங்கிலி. நீங்கள் மீட்டரில் அளப்பவர், அந்தக் காலத்தில் இரும்புச் சங்கிலி, ஒன்றுக்கு அறுபத்தாறு அடி. தெற்குக் கல்லிலிருந்து மூலை மட்டமாகத் திரும்பி வண்டிப்பாதை ஓரமாகக் கிழக்கே போனால் ஒரு பக்கம். வடக்குக் கல்லிலிருந்து வாய்க்கால் ஒன்று சாய்வாக இறங்கிப் போய் அந்தப் பக்கத்தைத் தொடும். தொடுகிற இடம் நுனி. அந்த நுனி எங்கே இருக்கிறது என்பதுதான் சண்டை. அன்றைக்கும் அதுதான், இன்றைக்கு நீங்கள் போவதும் அதற்குத்தான்.

நாற்பத்தாறாம் வருஷம் காலனிக்காரர்களுக்குக் கொடுத்த பட்டா. அதில் படம் போட்டு மூன்று பக்கத்துக்கும் அளவு எழுதியிருந்தது. ஒன்று ஐந்து சங்கிலி. சாய்வுப் பக்கம் பதிமூன்று. மூன்றாவதைக் கரையான் தின்றுவிட்டது. ஆபீசில் இருந்த நகல் காணாமல் போய்விட்டது. எப்படிக் காணாமல் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது கர்ணம் என்று ஒரு உத்தியோகம் இருந்தது. இப்போது வி.ஏ.ஓ. இருக்கிறாரே, அவருக்குத் தாத்தா மாதிரி. ஊர்க் கணக்கு, நிலக் கணக்கு எல்லாம் அவர் கையில். அப்பனுக்குப் பின் பிள்ளை. எங்கள் கர்ணத்தின் பெயர் மாசிலாமணி. எழுபத்தைந்தில் அந்த வாய்க்காலை மண் போட்டு மூடினார். மேலே சவுக்கு வைத்தார். மூன்றே வருஷத்தில் வாய்க்கால் எங்கே ஓடியது என்று மாட்டுக்குக்கூடத் தெரியவில்லை. எழுபத்தெட்டில் சொன்னார், மூன்றாவது பக்கம் ஒன்பது சங்கிலிதான், அதற்குக் கிழக்கே உள்ளது புறம்போக்கு என்று. ஒன்பதுக்குக் கிழக்கே ஒன்பது வீடு. நுனி போய்த் தொடுவது பஸ் ரோட்டை. மாப்பிள்ளைக்கு அங்கே ரைஸ் மில் வைக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

மனுப் போட்டோம். நேரில் வந்து அளந்து தீர்க்கிறேன் என்று தாசில்தார் தேதி கொடுத்தார். தேதிக்குள் மூன்றாவது பக்கம் எவ்வளவு என்று நாங்கள் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் ஒன்பது வீடும் நிற்கும். இல்லாவிட்டால் கடப்பாரை வரும்.

கண்டுபிடித்தேன். நான்தான் கண்டுபிடித்தேன். உழைப்பாளிகளுக்கான கணக்கு என்று ஒரு பிரசுரம் வந்திருந்தது. பதினோராம் பக்கம். இப்போதும் சொல்வேன், கேளுங்கள். ஒரு செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் வர்க்கம் ஏனைய இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம்.

எப்படி இருக்கிறது? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கணக்கிலேயே வர்க்கம் இருக்கிறது பாருங்கள். கர்ணமும் இருக்கிறது. சாய்வுப் பக்கத்துக்குக் கர்ணம் என்று பெயர், ஒரு எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வர்க்கம் என்று பெயர், அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் இல்லை. ஆனால் அந்தச் சொற்களை யாரும் சும்மா வைத்திருக்கமாட்டார்கள்.

கணக்குப் போட்டேன். ஐந்தின் வர்க்கம் இருபத்தைந்து. பதிமூன்றின் வர்க்கம் நூற்று அறுபத்தொன்பது. வர்க்கங்களின் கூட்டுத்தொகை என்று போட்டிருக்கிறது, கூட்டினேன். நூற்றுத் தொண்ணூற்று நாலு. பதினாலின் வர்க்கம் நூற்றுத் தொண்ணூற்றாறு. இரண்டுதான் இடிக்கிறது. ஏழைகள் விஷயத்தில் இரண்டைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? பதினாலு என்று முடிவு செய்தேன். ஐந்நூறு நோட்டீஸ் அடித்தேன். ‘கர்ணம் விழுங்கிய ஐந்து சங்கிலி எங்கே?’ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டினோம்.

நோட்டீஸ் ஒட்டி இரண்டாம் நாள் எத்திராஜ் வந்தான்.

காலனிக்காரன். கொத்தனார். எஸ்.எஸ்.எல்.சி. வரை போய் இங்கிலீஷில் விழுந்தவன். அவன் கட்டிய சுவரில் ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவை விட்டு அசையாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆறு வருஷம் சங்கத்தில் இருந்தான். நான் எந்த ஊரில் பேசினாலும் சைக்கிளில் தட்டியைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வருவான். எனக்கு அவனிடம் ஒரே ஒரு குறைதான். நான் பேசி முடித்ததும் எல்லாரும் கைதட்டுவார்கள். அவன் யோசித்துவிட்டுக் கைதட்டுவான்.

கையில் ஒரு உடைந்த ஓடு. அதில் கரியால் கணக்கு.

“அண்ணே, பதினாலு வராதுண்ணே. பன்னெண்டு.”

“யார் சொன்னது?”

“யாரும் சொல்லல. குறுக்கு பதிமூணு, ஒரு பக்கம் அஞ்சு. நாங்க அஸ்திவாரம் தோண்டறப்ப கயித்துல மூணு நாலு அஞ்சு பிடிப்போம் இல்ல, அதே கதைதாண்ணே. குறுக்குலேர்ந்து கழிக்கணும். நூத்தி அறுபத்தொம்போதுல இருபத்தஞ்சு போனா நூத்தி நாப்பத்திநாலு. பன்னெண்டு பன்னெண்டு. ஆணி அடிச்ச மாதிரி நிக்குது பாருங்க.”

“குறுக்கு என்று சொல்லாதே. பிரசுரத்தில் கர்ணம் என்று போட்டிருக்கிறது. சங்கத்துக்காரன் பிரசுரத்துச் சொல்லைத்தான் பேச வேண்டும்.”

“ஏற்கனவே ஒரு கர்ணம் நம்ம உசுர வாங்கினு கீறாரு, இன்னொண்ணு வேறயாண்ணே” என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. கழிக்க வேண்டும் என்று எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது, காட்டு என்றேன். பிரசுரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எப்படிக் காட்டுவான்? அந்த வரியில் கழித்தல் என்ற சொல்லே கிடையாது. “போடலண்ணே, ஆனா அதுதான் அர்த்தம்” என்றான். போடாததை அர்த்தம் என்கிறவனைப் பற்றி எங்களுக்குத் தனிப் பிரசுரமே உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் காலனிக் கூட்டம். ரேஷன் கடை முன்னால். தாசில்தார் வர ஒன்பது நாள் இருந்தது. இருநூறு பேர் இருப்பார்கள். நான் பதினாலு என்று சொல்லி முடித்தேன், கைதட்டினார்கள். எத்திராஜ் தட்டவில்லை. எழுந்து நின்றான்.

“ரெண்டு நிமிசம் பேசிக்கறேன் தோழர்களே. நோட்டீஸ்ல தப்பு கீது. கர்ணம் பதிமூணு. பதினாலு எப்படி வரும்? கர்ணத்தை விடப் பெரிசா எதுவும் இருக்க முடியாது. எப்பவும் கர்ணம்தான் பெரிசு.”

தம்பி, அந்த இடத்தில் ஒரு சத்தம் கேட்டது பாருங்கள். இருநூறு பேர் ஒரே மூச்சாக உள்ளே இழுத்த சத்தம். நான் வாயே திறக்கவில்லை. வீராசாமி என்று ஒருவன், ஏர் ஓட்டுகிறவன், குள்ளன், அவன்தான் முதலில் கத்தினான்.

“கர்ணம்து பெரிசாடா? எத்தினி மொழம்னு அளந்துட்டு வந்தியா?”

பெண்கள் பக்கம்கூடச் சிரிப்பு. எத்திராஜும் சிரித்தான். அங்கேதான் அவன் தப்பு செய்தான். சிரித்துவிட்டு நிறுத்தியிருக்கலாம். மேலே பேசினான்.

“அந்தக் கர்ணம் இல்லப்பா. கணக்குல வர்ற கர்ணம். அதோட வர்க்கத்துலேர்ந்து நம்ம பக்கத்தோட வர்க்கத்தைக் கழிக்கணும். கழிச்சாத்தான் விடை வரும்.”

“நம்ம பக்கத்தை எதுக்குடா கழிக்கணும்? உங்கப்பன் பக்கத்தைக் கழி!”

“கர்ணம் வூட்டு மாட்டுக்கொட்டாய் பூசினவன்தானே நீ? இன்னா கொழம்பு ஊத்தினாங்க?”

“கூலிக்குப் பூசினேன். கொழம்புக்கு ஒண்ணும் பூசல. நீ கூடத்தான் அவுரு கழனி ஓட்டற.”

அப்போது நான் எழுந்தேன். நான் எழுந்தால் சத்தம் அடங்கிவிடும். இப்போதும் அடங்கும், போன மாதம்கூட ஒரு கல்யாணத்தில் அடங்கியது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

“தோழர் எத்திராஜ். கர்ணம் பெரியதா, நம் பக்கம் பெரியதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.”

“அண்ணே, அது வேற கர்ணம்னு உங்களுக்கே தெரியும்ணே.”

“ஒரே வார்த்தை.”

“நீங்கதானேண்ணே குறுக்குன்னு சொல்லாதன்னீங்க?”

“ஒரே வார்த்தை, தோழர்.”

அவன் பொய் சொல்லியிருக்கலாம். நம் பக்கம்தான் பெரியது என்று ஒரு சொல். இருநூறு பேரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள், நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன், அவனை விட்டுவிடவும் தயாராக இருந்தேன். அவன் சொன்னான், “கர்ணம்தாண்ணே பெரிசு.”

நீக்கத் தீர்மானம். ஏகமனதாக. அவன் பெண்டாட்டி பட்டம்மாள் மடியில் பிள்ளையோடு பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாக் கையும் தூக்கியிருந்தது, அவள் கை மட்டும் பிள்ளையின் தலைமேல் இருந்தது. நான் பேரைச் சொல்லிக் கேட்டேன், பட்டம்மா, உன் கை எங்கே என்று. தூக்கினாள். பக்கத்தில் இருந்தவள் பிடித்துத் தூக்கிவிட்டாள் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். தூக்கிய கை தூக்கியதுதான். ஏகமனதாக என்று மினிட் புத்தகத்தில் எழுதினேன்.

அப்புறம் அவனுக்கு யாரும் கலவை குழைக்கப் போகவில்லை. நான் தடை போடவில்லை. சங்கம் தடை போடவில்லை. மக்களே போகவில்லை. கர்ணம் எத்திராஜ் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பிள்ளைக்குக் கர்ணம் பொண்ணு. ஐந்து வயது அதற்கு. கர்ணம் பொண்ணே, கர்ணம் பொண்ணே என்று பிள்ளைகள் கூப்பிட்டால் ஓடிப் போய் என்ன என்று கேட்கும். தன் பெயர்தான் அது என்று நினைத்துக்கொண்டது. எனக்கே சிரிப்பு வரும்.

ஒரு விஷயம் சொல்கிறேன், உங்கள் தொழில் என்பதால் சொல்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. கூட்டம் முடிந்த மறுநாள் காலை, சங்க ஆபீசில் யாரும் இல்லை. தரையில் சாக்கட்டியால் கோடு போட்டேன். ஐந்து அங்குலம். மூலை மட்டமாக நீளமாக இன்னொரு கோடு. பதிமூன்று அங்குலத்துக்கு நூல் வெட்டி ஒரு நுனியைச் சின்னக் கோட்டின் முனையில் ஆணி அடித்துக் கட்டி, மறு நுனியைப் பிடித்துக் கோட்டின் மேல் இறக்கினேன். பன்னிரண்டில் போய் நின்றது. நூலை நன்றாக இழுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு. மறுபடி கட்டி மறுபடி இறக்கினேன். பன்னிரண்டு.

என்ன பார்க்கிறீர்கள்? நூல் இழுபடும். இழுபடுகிற பொருளை நம்பி ஒரு இயக்கம் நடத்த முடியுமா? ஐந்நூறு நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. ஒருவனை நீக்கியாகிவிட்டது. திங்கட்கிழமை எழுந்து நின்று பன்னிரண்டு என்றால், செவ்வாய்க்கிழமை யார் என்னை நம்புவார்கள்? அளவு வேறு, அரசியல் வேறு தம்பி. தரையைத் துடைத்துவிட்டேன்.

தாசில்தார் வந்தார். ஜீப்பில். சங்கிலி இழுக்க இரண்டு ஆள். நல்ல வெயில். கர்ணம் மாசிலாமணி குடை பிடித்துக்கொண்டு நின்றார், வாயில் வெற்றிலை. நான் முன்னால், மக்கள் பின்னால். தெற்குக் கல்லிலிருந்து இழுத்தார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பன்னிரண்டு சரியாகப் பஸ் ரோட்டின் ஓரத்தில் முடிந்தது. அங்கே பழைய மதகுக் கல் ஒன்று பாதி புதைந்து கிடந்தது. சங்கிலி ஆள் அதன்மேல் காலை வைத்து நின்று, “மேல போணுமா?” என்றான். நான் போகச் சொன்னேன். பஸ்ஸை நிறுத்தி ரோட்டைத் தாண்டி இழுத்தார்கள். பதிமூன்று. பதினாலாவது போலீஸ் ஸ்டேஷன் வாசல்படியில் போய் நின்றது.

ஏட்டு டீ கிளாசோடு வெளியே வந்தார். “இன்னா தலைவரே, லாக்கப்பையும் பட்டா போட்டுக் குடுத்துட்டானா?” என்றார். தாசில்தார் சிரித்தார். ஜனங்களும் சிரித்தார்கள். எங்கள் ஜனங்களே. அதை நான் மறக்கவில்லை.

“எப்படி வந்தது பதினாலு?” என்று தாசில்தார் கேட்டார். நான் பதினோராம் பக்கத்தை ஒப்பித்தேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். மதகுக் கல்லைத் திரும்பிப் பார்த்தார். “வேற யாராவது கணக்குத் தெரிஞ்சவங்க உங்கள்ல இருக்கீங்களா?” என்றார்.

கூட்டத்துக்குக் கடைசியில் இருந்து எத்திராஜ் வந்தான். சட்டை இல்லாமல், துண்டோடு. கையில் அந்த ஓடு. “பன்னெண்டுங்க. அந்த மதகுக் கல்லுதாங்க நுனி” என்றான். தாசில்தார் ஓட்டை வாங்கிப் பார்த்தார். தலையை ஆட்டினார். கர்ணம் மாசிலாமணி வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். நான் பார்த்தேன். தாடை அப்படியே நின்றது.

நான் சொன்னேன், “இவர் மனுதாரர் இல்லை. மனு சங்கத்தின் பெயரில். இவர் நீக்கப்பட்டவர். இவர் சொல்வதற்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை. எங்கள் அளவு பதினாலு.”

“யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் தாசில்தார். இரண்டு தரம் சொன்னார். “பதினாலு” என்றேன். மனுதாரர் கோரும் அளவு நிரூபிக்கப்படவில்லை, கர்ணம் கணக்குப்படி ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாசிலாமணியின் தாடை மறுபடி மெல்ல ஆரம்பித்தது.

என் முதுகெலும்பு அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. சிரிப்புக்கு நடுவில், போலீஸ்காரனுக்கு முன்னால், ஒரு சங்கிலி குறைக்கவில்லை நான். இப்போது தலைவர்கள் இருக்கிறார்களே, முதல் சிரிப்பிலேயே இறங்கிவிடுவார்கள்.

மேல்மனு போட முப்பது நாள். இருபத்தாறாம் நாள் பட்டம்மாள் வந்தாள், புருஷனும் பின்னால். அவன் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டான். நீக்கப்பட்டவன் ஆபீசுக்குள் வரக் கூடாது, அந்த ஒழுங்கு அவனுக்குத் தெரியும்.

“அண்ணா, நாங்க சங்கத்துக்குள்ள வரணும்னு கேக்கல” என்றாள் அவள். “மேல்மனுல பன்னெண்டுன்னு மட்டும் எழுதுங்க. நீங்களே கண்டுபிடிச்சதா எழுதுங்க. இவரு பேரே வேணாம். அவரு வாயே தொறக்கமாட்டாரு.”

அவன் வெளியிலிருந்து, “ஆமாண்ணே. நீங்க கண்டுபிடிச்சதுதான்னு நானே சொல்றேன். ஒம்போது வூடுண்ணே” என்றான்.

என் காலைத் தொட வந்தாள். நாங்கள் காலைத் தொட விடமாட்டோம், அது கொள்கை. எழுப்பி நிறுத்தினேன். பன்னிரண்டு என்று எழுதினால், அன்றைக்கு உன் புருஷன் சொன்னது சரி என்று ஆகிவிடும். அப்படி ஆனால் நீ தூக்கிய கை தப்பு என்று ஆகிவிடும். இருநூறு பேர் தூக்கிய கை தப்பு என்று ஆகிவிடும். இருநூறு பேரை நான் தப்பாக்கமாட்டேன் என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. மேல்மனுவில் பதினாலு என்றே போட்டேன். தள்ளிவிட்டார்கள்.

கடப்பாரை வந்த அன்று நான் குறுக்கே படுத்தேன். அதை யாரும் மறுக்க முடியாது. இரண்டு போலீஸ்காரர்கள் தூக்கிப் போனார்கள். பதினோரு நாள் வேலூர் ஜெயில். வெளியே வந்தபோது மாலை. ஒன்பது வீடும் போயிருந்தது. எட்டு வீட்டை ஒரு மணி நேரத்தில் தள்ளிவிட்டார்களாம். எத்திராஜ் வீடு மட்டும் செங்கல் வைத்து அவனே கட்டியது, சாயந்தரம் வரைக்கும் அசையவில்லையாம். கடைசியில் அவனே கடப்பாரையை வாங்கி, எந்த மூலையில் குத்த வேண்டும் என்று காட்டினானாம். வீராசாமிதான் சொன்னான். சொல்லும்போது அழுதான். அவன் வீடும் அந்த ஒன்பதில் ஒன்று.

எத்திராஜ் குடும்பத்தோடு பெங்களூர் போனான். எட்டு வருஷம் கழித்துச் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான் என்று செய்தி வந்தது. நான் இரங்கல் தீர்மானம் போடவில்லை. விதியில் இடம் இல்லை. உறுப்பினருக்குத்தான் போடலாம்.

எண்பதாம் வருஷக் கடைசியில் கர்ணம் உத்தியோகத்தையே அரசாங்கம் ஒழித்துவிட்டது. நாங்கள் ஊர்வலம் போனோம். கர்ணம் ஒழிந்தது, வர்க்கம் வென்றது என்று நான்தான் கோஷம் எழுதினேன். மாசிலாமணி ரைஸ் மில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

இப்போது மில் மூடிக் கிடக்கிறது. அந்தப் பிள்ளை, செந்தாமரை, அதுதான் உங்களுக்கு மனுப் போட்டிருக்கிறது. பெங்களூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராம். ஒன்பது குடும்பத்தில் மிச்சம் இருக்கிறவர்களை எல்லாம் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறது. எல்லாம் இருக்கிறது அதனிடம். அந்தப் பழைய பட்டா மட்டும் இல்லை. ஐந்து, பதிமூன்று என்று எழுதியிருக்கிற அந்தத் தாள் இல்லாமல் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது, இல்லையா? மூலம் இல்லாவிட்டால் பழைய உத்தரவுதான் நிற்கும். தெரியும், விசாரித்துவிட்டுத்தான் வருகிறேன்.

தாள் என்னிடம்தான் இருக்கிறது. இதோ, இந்தப் பையில். சங்கத்தின் ஆவணம், நாற்பத்தைந்து வருஷமாகப் பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறேன். இன்னொரு கரையான் தொடவில்லை.

போனில் பேசியது. மரியாதையான பெண். ஐயா, ஐயா என்றுதான் பேசியது. மனுவைப் படித்துக் காட்டச் சொன்னேன். படித்தது. பன்னிரண்டு என்று போட்டிருக்கிறது. போட்டுக்கொள்ளட்டும், நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. காலம் மாறுகிறது, அளவும் மாறலாம். எட்டாவது பத்தியில் ஒரு வரி. ‘இந்த அளவை என் தந்தை எத்திராஜ் அன்றே சரியாகக் கண்டறிந்து சொன்னார்.’ அந்த ஒரு வரியை அடித்துவிடு, தாளைக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. என் பெயரைப் போடச் சொல்லவில்லை. ஒரே ஒரு வரி. அப்புறம், “வாங்க ஐயா, நேர்ல பேசிக்கலாம்” என்றது.

அதனால்தான் வருகிறேன். திருத்திய மனுவின் நகல் உங்களுக்கு நேற்றே வந்திருக்குமே? அந்த ஃபைலில்தானே? கொஞ்சம் எடுங்கள். எனக்கு மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை, நீங்களே படியுங்கள். எட்டாவது பத்தி மட்டும்.

…

இன்னொரு தரம் படியுங்கள்.

…

அந்த வரி அப்படியேதான் இருக்கிறதா? கோடு ஏதும் போட்டு அடித்திருக்கிறதா? மேலே? ஓரத்தில்? கையெழுத்துக்குப் பக்கத்தில்?

சரி. வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டக்டர்! இந்தக் கல்வெர்ட்டில் ஒரு ஆள் இறங்க வேண்டும். டிக்கெட் வெள்ளேரிப்பாக்கம் வரைக்கும் இருந்தால் இருக்கட்டும், நான் இங்கேதான் இறங்குகிறேன். நிறுத்தப்பா.

ஸ்டாப்பில் அந்தப் பெண் நிற்கும். வீராசாமியையும் அழைத்துக்கொண்டு வந்து நிற்கிறேன் என்றது, அவனுக்கு இப்போது கண் தெரியாது. பெரியவர் யாராவது வந்தாரா என்று கேட்டால், இந்தப் பஸ்ஸில் யாரும் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். கொஞ்சம் எழுந்து வழி விடுங்கள் தம்பி.